மொரீஷியஸில் பயிற்சி முடிய இன்னும் ஏழு நாள்: எதை முதலில் முடிப்பது?

கடைசி_ஏழுநாள் (திங்கள், இரவு 11.40)

எல்லோருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல் பக்கம். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிப்பின் கடைசி வருஷப் பயிற்சிக்காக மொரீஷியஸ் வந்து, கிழக்குக் கரையில் பெல் மார் பக்கம் ஒரு ரிசார்ட் கிச்சனில் ஒரு வருஷம் ஓட்டியாகிவிட்டது. வரும் ஞாயிறு ராத்திரி விமானம். இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்தேன். கட்டிலுக்குக் கீழே காலி சூட்கேஸ் கிடக்கிறது, அதைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது.

பிரச்சினைகளைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிப் பதிவேட்டில் இரண்டு பிரிவுகளுக்கு இன்னும் கையெழுத்து வாங்கவில்லை, போட வேண்டிய செஃப் வியாழன்தான் லீவு முடிந்து வருகிறார். சான்றிதழைப் பற்றிக் கேட்டால் ஹெச்.ஆரில் 'ஊருக்குப் போங்கள், ஒரு மாதத்தில் மெயிலில் அனுப்புகிறோம்' என்கிறார்கள். ரூமுக்குக் கட்டிய முன்பணம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசி மாத உதவித்தொகை நான் கிளம்பிய பிறகுதான் பேங்கில் விழும்.

இதெல்லாம் போக ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் கிச்சனில் காய்கறி ஆயும் இடத்தில் ஒரு வயதான அம்மா வேலை செய்கிறார். எல்லோரும் அவரை தாந்தீன் என்பார்கள், இங்கே அத்தை, சித்தி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். தமிழ்க் குடும்பம், ஆனால் தமிழ் பேச வராது, இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல்தான். நான் வந்த முதல் வாரம் 'பிப்பங்காய் கொண்டா' என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே எடுத்துக் காட்டினார், பார்த்தால் பீர்க்கங்காய்! அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. கொத்தமல்லி அவருக்குக் கொத்தொமிலி, கறிவேப்பிலை கரிப்பூலே, முருங்கைக்கீரை ப்ரெட் முரூம், ரசம் ரசோன். தாளிக்கும் வாசனையில் பாதி ஊர் வந்துவிடும், அந்தச் சொற்களில் மீதி ஊர்.

நேற்று அவர் வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் செம்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்து. 'லிர் சா பூ ம்வா' என்றார், இதை எனக்குப் படித்துச் சொல் என்று. அவருடைய அம்மாவின் பாட்டி வீட்டுச் செம்பாம், இத்தனை வருஷமாக வீட்டில் யாராலும் படிக்க முடியவில்லையாம். எனக்கும் படிக்க முடியவில்லை. முன்பாதி தேய்ந்திருக்கிறது, நடுவில் ஒரு எழுத்து நான் பார்த்தே இராத உருவத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவன், தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவன், என்னாலேயே படிக்க முடியவில்லை என்றபோது அவர் முகம் சுருங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

ஏழு நாள்தான். எதை முதலில் செய்வது?

மில்லுக்காரன்_திருப்பூர் (செவ்வாய், காலை 6.15)

தம்பி, பேப்பர். வேறு எதுவும் அப்புறம்.

நான் அங்கே பின்னலாடை மில்லில் லைன் சூப்பர்வைசராக எட்டு வருஷம் இருந்தேன். கிளம்பும்போது எனக்கும் இதையேதான் சொன்னார்கள், அனுப்பி வைக்கிறோம் என்று. அனுபவச் சான்றிதழ் இன்றுவரை வரவில்லை. அது இல்லாமல் எனக்கு வர இருந்த ஒரு வேலை கைநழுவிப் போனது, ஊரில் ஆறு மாதம் மாமனார் கடையில் உட்கார்ந்திருந்தேன். நீ விமானம் ஏறிவிட்டால் அவர்களுக்கு நீ ஒரு பழைய ஃபைல், அவ்வளவுதான். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அந்த மேசைக்கு அடுத்த வாரம் இன்னும் பத்துப் பேர் புதிதாக வந்து நிற்பார்கள், அதுதான் காரணம்.

செய்ய வேண்டியது இதுதான். சான்றிதழை நீயே டைப் அடித்துக் கொண்டு போ. சேர்ந்த தேதி, முடியும் தேதி, எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம், எல்லாம் அதில் இருக்கட்டும். அவர்கள் தங்கள் லெட்டர்ஹெட்டில் போட்டுக் கையெழுத்தும் முத்திரையும் வைத்தால் வேலை முடிந்தது. அவர்களை எழுதச் சொன்னால் ஒரு மாதம், நீ எழுதிக் கொடுத்தால் ஒரு நாள். இரண்டு அசல் பிரதி வாங்கு. பேர் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு அப்பா பேர் முன்னால் போவதும் பின்னால் போவதும் பெரிய தலைவலி.

கடைசித் தொகை எவ்வளவு, எந்தத் தேதியில், எந்தக் கணக்கில் என்று ஒரு மெயிலாவது வாங்கிக்கொள். முன்பணத்துக்கும் அப்படியே. எங்களைப் போல வேலை பெர்மிட்டில் போனவர்களுக்கு வருஷக் கடைசி போனஸ் சட்டப்படி உண்டு, நீ ட்ரெய்னி என்பதால் உன் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள். ரொம்ப இழுத்தடித்தால், தொழிலாளர் அமைச்சகத்தில் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, அங்கே போகலாம். சண்டை போடச் சொல்லவில்லை, 'அங்கே கேட்டுக்கொள்கிறேன்' என்று பணிவாகச் சொன்னாலே பல சமயம் வேலை நடக்கும்.

செம்பை ஒரு படம் எடுத்துப் போடு. அதற்கு இங்கே ஆள் இருப்பார்கள்.

எபேன்_ஐடி (செவ்வாய், காலை 9.05)

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஒன்று விட்டுவிட்டார்: சிம்.

நான் எபேன் சைபர்சிட்டியில் இரண்டு வருஷ ப்ராஜெக்டில் இருந்துவிட்டு 2024இல் திரும்பினேன். கடைசிச் சம்பளம் அந்த ஊர்க் கணக்கில் விழுந்தது. அதை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்று ஆப்பைத் திறந்தால் ஓடிபி அந்த ஊர் நம்பருக்குப் போகிறது. சிம்மை ஏர்போர்ட்டிலேயே கழற்றித் தோழியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அதைச் சரிசெய்ய மூன்று மாதம் ஆனது. தம்பி, பணம் முழுதும் வந்து, அதை ஊருக்கு அனுப்பி, கணக்கை மூடும் வரை அந்த சிம்மைத் தூக்கிப் போடாதே. அது இங்கே ரோமிங்கில் வேலை செய்யுமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே கடையில் கேட்டு உறுதி செய்துகொள். அதேபோல உன் இந்திய நம்பர் உயிரோடு இருக்கிறதா என்றும் பார். ஒரு வருஷம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தால் போயிருக்கும், ஆதார் முதல் பேங்க் வரை அந்த நம்பரில்தானே தொங்குகிறது.

கையில் இருக்கும் மொரீஷியஸ் ரூபாயை அங்கேயே மாற்றிவிடு. அந்த ஒரு ரூபாய் நம்முடைய சுமார் இரண்டு ரூபாய். ஆனால் நம்மூரில் அதைக் கொண்டுபோய் நீட்டினால் பாதி இடத்தில் வாங்கவே மாட்டார்கள். நூறு ரூபாய்த் தாள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள். அதில் இருக்கும் படம் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சாவளி வழக்கறிஞர், அரசியல்வாதி. தாளில் தமிழ் எழுத்தும் இருக்கும். என் அப்பா அதை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

இன்னொன்று. நான் கிளம்ப வேண்டிய வாரம் ஜனவரி, பெலால் புயல். போர்ட் லூயி தெருவில் கார்கள் மிதந்தன, ஏர்போர்ட்டை மூடிவிட்டார்கள். கடைசி நாளுக்கு என்று நான் வைத்திருந்த எல்லா வேலையும் நாசம். இப்போது புயல் மாதம் இல்லை, இருந்தாலும் எதையும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்காதே.

கப்பல்_சமையல் (செவ்வாய், மதியம் 2.30)

நானும் அந்தத் தீவில்தான் கற்றேன், வடக்கில் ஒரு ஹோட்டல். இப்போது பயணிகள் கப்பலில் இருக்கிறேன்.

பதிவேட்டில் கையெழுத்து முக்கியம்தான், ஆனால் என்னைக் கப்பலில் எடுத்தவர்கள் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் கேட்டது எனக்குக் கற்றுக்கொடுத்த செஃபின் நேரடி மெயில் முகவரியைத்தான். ஹோட்டல் முகவரி வேண்டாம், அவர் நாளை வேறு ஹோட்டலுக்குப் போய்விடுவார். சொந்த முகவரி வாங்கு. வியாழன் அவர் வந்ததும் சர்வீஸ் நேரத்தில் போய் நிற்காதே. மதிய சர்வீஸ் முடிந்து எல்லோரும் ஸ்டேஷனைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரம் இருக்கிறது பார், அப்போது போ. அந்த நேரத்தில் செஃப்கள் மனிதர்களாக இருப்பார்கள்.

உன் நோட்டுப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துவிடு. எண்ணெய்க்கறை படிந்த அந்த நோட்டுதான் உன் ஒரு வருஷம்.

கத்தியெல்லாம் பெரிய பெட்டிக்குள், துணியில் சுற்றி. கையில் கொண்டுபோகும் பையில் ஒரு பீலர்கூட வேண்டாம். மசவரு மிளகாய் விழுதும் பெரிய பெட்டியில்தான், இல்லாவிட்டால் செக்கிங்கில் பிடுங்கிவிடுவார்கள். என்ன வாங்குவது என்றால், போவா ஷெரி வெனிலா டீ, அப்புறம் அந்தக் கறுப்பு மஸ்கொவாடோ சர்க்கரை. நம் நாட்டுச்சர்க்கரைக்கு அண்ணன் மாதிரி இருக்கும், அம்மாவுக்குக் கொடுத்துப் பார். நப்போலித்தேன் பிஸ்கட் வேண்டாம், ஊர் போய்ச் சேரும்போது ரோஸ் கலர்த் தூள்தான் மிஞ்சும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, பவளம் ஏதாவது இருந்தால் அங்கேயே விட்டுவிடு.

அப்புறம், ஒரு நாளாவது ஒதுக்கி மேற்கே போய் லெ மோர்ன் மலையைப் பார்த்துவிட்டு வா. ஒரு வருஷம் இருந்துவிட்டுக் கிழக்குக் கரையை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்னால் எப்படி?

கடைசி_ஏழுநாள் (செவ்வாய், இரவு 11.55)

எல்லோருக்கும் நன்றி. சான்றிதழ் டைப் அடித்து இன்றே கொடுத்துவிட்டேன். ஹெச்.ஆர் அக்கா வாங்கிப் படித்துவிட்டு, 'இதை முன்னமே கொடுத்திருக்கலாமே' என்றார்!

பேர் விஷயத்தில் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. என் பாஸ்போர்ட்டில் அப்பா பேர் குடும்பப் பேர் என்ற இடத்தில் இருக்கிறது. அதனால் வந்த முதல் நாளே சட்டையில் குத்தும் பேட்ஜில் அப்பா பேரை அடித்துக் கொடுத்துவிட்டார்கள். மாற்றச் சொல்லிக் கேட்டேன், நடக்கவில்லை. ஒரு வருஷமாக இந்தக் கிச்சனில் என் பேர் என் அப்பா பேர்தான். ஒரு ஷிஃப்டுக்கு நாற்பது முறை செஃப் அந்தப் பேரைச் சொல்லிக் கத்துவார். முதலில் எரிச்சலாக இருந்தது. எங்கள் அப்பா பேருந்து நிலையத்துக்கு எதிரே புரோட்டா மாஸ்டராக இருபது வருஷம் கல்லில் நின்றவர், ஒரு நாளும் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மாஸ்டர்தான். கடல் தாண்டி ஒரு பெரிய கிச்சனில் அவர் பேர் ஒலிக்கிறது என்று நினைத்த நாளிலிருந்து எனக்கு அது பிடித்துப்போய்விட்டது.

செம்பின் படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். வெளிச்சம் சரியில்லை.

லெ மோர்ன் போக எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்கு மிச்சம் இருப்பது சனிக்கிழமை ஒரே ஒரு லீவு. அன்றைக்கு தாந்தீன் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார், புரட்டாசிச் சனி. இங்கே அதைக் கோவிந்தேன் என்கிறார்கள்.

மோக்கா_டீச்சர் (புதன், காலை 7.20)

தம்பிக்கு என் வணக்கம். நான் மொரீஷியஸ்காரி, இங்கே பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தாந்தீனைப் போல எங்கள் வீடுகளில் எத்தனையோ பேர். கோயிலில் தேவாரம் பாடுவார்கள், ஆனால் கையில் இருக்கும் தாளில் அது ரோமன் எழுத்தில் இருக்கும். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பார்கள், நாடே அன்று விடுமுறை, ஆனால் முருகன் என்று தமிழில் எழுதத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1730களில் லா பூர்தொன்னே ஆளுநராக இருந்த காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் இங்கே வந்துவிட்டார்கள். பிறகு பிரிட்டிஷ்காரர் காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாக மதராஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக வந்தார்கள். இத்தனை தலைமுறை கடந்தும் கொத்தமல்லி கொத்தொமிலியாகவேனும் வாயில் நின்றிருக்கிறது. அதற்காகவே அந்தப் பாட்டிமார்களைக் கும்பிட வேண்டும்.

எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் அதன் மேல் எங்களுக்கு எவ்வளவு பற்று என்று ஒன்று சொல்கிறேன். 1998இல் புதிய ரூபாய்த் தாள்கள் வந்தபோது தமிழ் வரிக்கு மேலே இந்தி வரியை வைத்துவிட்டார்கள். இந்தியாவிலிருந்து இந்தத் தீவுக்கு முதலில் வந்தவர்கள் நாங்கள், எங்கள் வரியை எப்படிக் கீழே இறக்கலாம் என்று தமிழ்க் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, வரிசையை மாற்றி மறுபடி அச்சடித்தார்கள். அன்று தெருவில் நின்ற என் அத்தைக்கு அந்த வரியைப் படிக்கத் தெரியாது. அது எங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் தெரியும்.

செம்பு யார் வீட்டுடையது என்று அவர்களுக்கு ஓரளவு தெரிந்தால், மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தியக் குடியேறிகளின் ஆவணங்கள் இருக்கின்றன. வந்தவரின் எண், கப்பல், தகப்பன் பேர், ஊர் எல்லாம் பதிவேட்டில் இருக்கும், சிலருக்குப் படமும் உண்டு. ஆனால் ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய பேர்கள் அவை, ஆகவே தமிழில் சரியான பேர் தெரிந்திருந்தால் தேடுவது எளிது. வேலை நாளில்தான் போக வேண்டும். உங்களுக்கு நேரம் இருக்காது, அவர் மகளிடம் சொல்லுங்கள்.

படத்தில் எனக்குத் தெரிவது கடைசியில் 'யி'. அதற்கு முன்னால் உள்ளது எனக்கும் புரியவில்லை.

பாத்திரக்கடை_கும்பகோணம் (புதன், மதியம் 12.10)

படம் பார்த்தேன். நாங்கள் மூன்று தலைமுறையாகப் பாத்திர வியாபாரம், என் தாத்தா கையாலேயே பேர் வெட்டுவார். அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி தம்பி.

பாத்திரத்தில் பேர் வெட்டுவது எழுதுவது போல அல்ல. சின்ன உளி முனையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு, ஒரு புள்ளி. அப்படியே நகர்த்திக்கொண்டு போவார்கள், கோடே கிடையாது. எழுத்தே புள்ளிகளால் ஆனது என்பதால் மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி தனியாகத் தெரியாது, பல பேர் வைக்கவும் மாட்டார்கள். ஆகவே நீ 'ன' என்று படிப்பது 'ன்' ஆகவும் இருக்கலாம். இது முதல் விஷயம்.

இரண்டாவது, நீ பார்த்தே இராத உருவம் என்றாயே, அது பழைய 'னா'. 1978இல் தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன்பு ணா, றா, னா மூன்றுக்கும் இப்போதுபோலத் தனியாகத் துணைக்கால் கிடையாது. எழுத்தின் வலது கோடே கீழே இறங்கிச் சுழித்துக்கொள்ளும். நீ பிறந்ததே அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து. உனக்குத் தெரியாதது உன் தப்பு இல்லை. எங்கள் கடைக்கு வரும் பிள்ளைகளும் பாட்டி வீட்டு அண்டாவைக் கொண்டுவந்து இதையேதான் கேட்கிறார்கள்.

அப்படியானால் கடைசி மூன்றும் 'ன் னா யி'. முன்னால் தேய்ந்திருக்கும் எழுத்து 'சி' என்றால் சின்னாயி, 'பொ' என்றால் பொன்னாயி, 'அ' என்றால் அன்னாயி. பெண் பேர் என்பதில் சந்தேகமே இல்லை. சீராகக் கொடுத்த செம்பாக இருக்கும், பெண்ணுக்குத்தான் பேர் வெட்டிக் கொடுப்பார்கள்.

தேய்ந்த இடத்தைப் படிக்க வழி இருக்கிறது. தயவுசெய்து புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பாகும், இருக்கிற கொஞ்சப் புள்ளியும் போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அரிசி மாவை விரலால் மெல்லத் தடவி, மேலே மேலே ஊதிவிடு. பள்ளத்தில் மாவு நிற்கும். ரூம் விளக்கை அணைத்துவிட்டு ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டில், செம்போடு ஒட்டிப் பிடி. அதற்கும் தெரியவில்லை என்றால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய். முதல் எழுத்துக்கு இடது பக்கம் ஒரு கொம்பு இருக்கிறதா என்று மட்டும் பார். கொம்பு இருந்தால் பொன்னாயி.

மில்லுக்காரன்_திருப்பூர் (புதன், இரவு 9.00)

தம்பி, நேற்று பேப்பர்தான் முதல் என்று எழுதினேன், இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இதைப் படித்த பிறகு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எட்டு வருஷம் எங்கள் விடுதிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் பதினாறு பேருக்கும் பலகாரம் அனுப்புவார். கிளம்பும் வாரம் ஓவர்டைம் பார்த்தேன், கூடக் கொஞ்சம் காசு வரட்டும் என்று. அவரிடம் போய்ச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். அந்த ஓவர்டைம் காசை எதற்குச் செலவழித்தேன் என்று இன்று எனக்கு ஞாபகம் இல்லை.

சனிக்கிழமை அந்த அம்மா வீட்டுக்குப் போய் வா.

கடைசி_ஏழுநாள் (வியாழன், பின்னிரவு 1.20)

கொம்பு இருக்கிறது!!

சர்வீஸ் முடிந்து தாந்தீனும் நானும் ட்ரை ஸ்டோரில் உட்கார்ந்து செய்தோம். மாவு தடவி ஊதி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். ஒன்றும் இல்லாதது போல இருந்த இடத்தில் ஏழெட்டுப் புள்ளி வெள்ளையாக எழும்பி வந்தது. முதலில் ஒரு சுழி, அதிலிருந்து ஒரு வளைவு. சந்தேகத்துக்குப் பேக்கிங் தாளை வைத்துப் பென்சிலாலும் தேய்த்துப் பார்த்தேன். கொம்புதான். பொ. மெதுவாக விரல் வைத்துப் படித்துக் காட்டினேன், பொன்னாயி என்று.

தாந்தீன் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் 'போனாய்' என்றார். அவருடைய அம்மா, கோயில் விளக்கு ஏற்றும்போது செத்துப்போனவர்கள் பேரையெல்லாம் வரிசையாகச் சொல்வாராம், அதில் 'போனாய்' என்று ஒன்று வருமாம். அது ஒரு சாமி பேர் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாராம். மாவு ஒட்டிய கையோடு என் தலையைத் தடவி 'மோ கார்சோன்' என்றார், என் பிள்ளை என்று.

கும்பகோணம் ஐயாவுக்கு என் நமஸ்காரம். நீங்கள் சொல்லாவிட்டால் அந்த 'னா' எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

கடைசி_ஏழுநாள் (வெள்ளி, இரவு 11.30)

நிலவரம் சொல்கிறேன். சான்றிதழ் இரண்டு அசல் பிரதி கையில் இருக்கிறது, பேர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. செஃபைக் கப்பல் அண்ணன் சொன்ன நேரத்தில் பிடித்தேன். இரண்டு பிரிவுக்கும் கையெழுத்துப் போட்டார், சொந்த மெயில் முகவரியையும் பதிவேட்டின் பின்னட்டையில் அவர் கையாலேயே எழுதினார். முன்பணத்தில் பாதி கொடுத்தார்கள். மீதியைக் கடைசித் தொகையோடு சேர்த்துப் போடுகிறோம் என்று மெயில் அனுப்பியிருக்கிறார்கள். சிம்முக்கு ரோமிங் போட்டாயிற்று.

இன்று காலை நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் கிச்சனில் எந்த டப்பாவை மூடி வைத்தாலும் மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, என்ன பொருள், என்ன தேதி, யார் போட்டது என்று மார்க்கரில் எழுத வேண்டும். நேற்று இடைவேளையில் தாந்தீன் அந்தப் பேரை எழுதக் கற்றுக்கொடு என்றார். டேப்பைக் கிழித்து கிழித்து ஒட்டி எழுதினோம். புது 'னா'தான் சொல்லிக்கொடுத்தேன், அவருக்குச் செம்பில் இருக்கும் பழைய 'னா'தான் வேண்டுமாம். சரி என்று பென்சில் தாளைப் பார்த்து இரண்டு பேருமே கற்றுக்கொண்டோம். இன்று காலை வாக்கின் ஃப்ரிட்ஜைத் திறந்தால், கொத்தமல்லி டப்பாவில் தேதிக்குப் பக்கத்தில், அவர் வழக்கமாகப் போடும் ஆங்கில எழுத்துக்குப் பதில் கோணல் மாணலாக ஒரு 'பொ'. செஃப் எடுத்துப் பார்த்து இது யார் என்று கேட்டார். தாந்தீன் கையைத் தூக்கினார்.

மோக்கா_டீச்சர் (சனி, காலை 6.50)

தம்பி, இதை என் வகுப்பில் சொல்லலாமா? பேர் எதுவும் சொல்ல மாட்டேன்.

அவர் மகள் ஆவணக் காப்பகத்துக்குப் போகும்போது பென்சில் தாளின் பிரதியைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். Pவில் தொடங்கும் பேர்களை மட்டும் பார்த்து விட்டுவிட வேண்டாம், எழுத்தர்கள் Bயிலும் எழுதியிருப்பார்கள்.

கடைசி_ஏழுநாள் (ஞாயிறு, மாலை 6.35)

தாராளமாகச் சொல்லுங்கள் டீச்சர்.

ஏர்போர்ட்டில் இருக்கிறேன். பெட்டி 29.5 கிலோ. நேற்றுச் சாப்பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் விமானத்தை விட்டுவிடுவேன். வாழையிலையில் ஏழு கறி, பலா, பூசணி, வாழைக்காய், கத்திரிக்காய் என்று வரிசையாக, கடைசியில் ரசோன். சாமி முன்னால் செம்பில் தண்ணீர் வைத்து, மஞ்சள் தடவி, பூ சுற்றியிருந்தார்கள். தன் அம்மா சொல்லிவந்த பேர்களைத் தாந்தீன் வரிசையாகச் சொன்னார். பொன்னாயி வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார், நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். தாந்தீனுக்கும் அப்பாவுக்கும் ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லை, ஆனாலும் பீர்க்கங்காயைத் தூக்கிக் காட்டி அவர் 'பிப்பங்காய்' என்க, அப்பா 'பீர்க்கங்காய்' என்க, பத்து நிமிஷம் ஓடியது. கிளம்பும்போது ஒரு பாட்டில் மசவரு கொடுத்தார். பெரிய பெட்டியில்தான் வைத்திருக்கிறேன், கப்பல் அண்ணா. வாசலில் நின்று 'சலாம்' என்றார். இங்கே விடைபெறும்போது அப்படித்தான் சொல்வார்கள்.

பாத்திரக்கடை_கும்பகோணம் (ஞாயிறு, மாலை 6.50)

பத்திரமாக ஊர் வந்து சேர் தம்பி. ஒன்று கேட்க மறந்துவிட்டேன், செம்பைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாயா? சில செம்புகளில் அங்கேயும் ஏதாவது வெட்டியிருப்பார்கள், ஊர்ப் பேர்கூட இருக்கலாம்.

கடைசி_ஏழுநாள் (ஞாயிறு, இரவு 7.05)

ஐயோ, பார்க்கவில்லை ஐயா! இப்போதே அவர் மகளுக்கு மெசேஜ் போட்டுவிட்டேன், மாவு தடவிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி. போர்டிங் கூப்பிடுகிறார்கள். இறங்கியதும் இங்கே போடுகிறேன்.